விரல் படாமல் ஒரு கம்பியைக் கழுவுவது

பினாங்கின் பாலிக் புலாவில் டுரியான் விழத் தொடங்கிவிட்டது என்று தங்கை ஜூன் முதல் வாரமே போன் செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு, ஆயர் ஈத்தாமில் இருக்கும் எங்கள் அடுக்குமாடியிலிருந்து காடியை எடுத்தேன். மலேசியாவில் நாங்கள் காரைக் காடி என்றுதான் சொல்வோம். என்னுடையது 2008ஆம் ஆண்டு டொயோட்டா வயோஸ். பாயா தெருபோங்கைத் தாண்டி, ஜாலான் துன் சார்டோன் மலைச்சாலையில் ஏறும்போது அது திணற ஆரம்பித்தது. எண்ணெய் மிதியை அழுத்தினால் ஒரு நொடிக்கு ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஓர் உதறல். அதற்கும் பிறகுதான் இழுவை வந்தது. பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டு வந்தது. வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிசைந்தது.

எப்படியோ போய்ச் சேர்ந்தேன், பழம் வாங்கினேன், திரும்பினேன். மறுநாள் கொம்தார் கோபுரத்தின் பக்கம் சிவப்பு விளக்கில் நின்றபோது எஞ்சின் தானாக அணைந்தது. மறுபடி முடுக்கியபோது முகப்பில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தது.

பட்டறைக்குப் போனேன். போர்மன், இருபத்தைந்து வயதுப் பையன், கருவியைச் செருகிப் பார்த்தான். பி0171 என்று குறியீடு வந்தது.

“ஏர்ஃப்ளோ சென்சர் போயிடுச்சு ஆன்ட்டி. மாத்திடலாம். அறுநூத்தம்பது வெள்ளி ஆகும்.”

“கழட்டிப் பாத்தீங்களா தம்பி?”

“அதுல பாக்க ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. புதுசு போட்டா சரியாயிடும்.”

அந்த பதில் எனக்கு ஒப்பவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த வாரமே 38 வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, ஒரு தெளிப்பான் டப்பா வாங்கி, அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் அந்தச் சென்சரைக் கழுவி மாட்டினேன். அன்றிலிருந்து காடி நன்றாக ஓடுகிறது. அது எப்படி நடந்தது, எப்போது நடக்கும், எப்போது நடக்காது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

32 ஆண்டு கம்பிப் பாடம்

என் துணிச்சலுக்குக் காரணம் என் வேலை. 1987இல், 18 வயதில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். விடியற்காலை கிலாங் பஸ், அதாவது தொழிற்சாலைப் பேருந்து, வரும். ஏறினால் எட்டு மணி நேரம் நுண்ணோக்கி. சில்லிலிருந்து வெளியே போகும் கால்களுக்குத் தங்கக் கம்பி இழுத்து ஒட்டுவதுதான் எங்கள் பிரிவின் வேலை. அந்தக் கம்பியின் தடிமன் 25 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை நாற்பதாகப் பிரித்தால் ஒரு பங்கு. தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். நான் முதலில் கம்பி ஒட்டினேன். பிறகு 2019இல் வெளியே வரும்வரை, ஒட்டிய கம்பிகளைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன்.

அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், தொடாதே என்பது. விரலில் உறை இருந்தாலும் தொடாதே. உன் விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை உன் கண்ணுக்குத் தெரியாது, கம்பிக்குத் தெரியும். இரண்டாவது பாடம், பார்க்காமல் எதையும் கெட்டது என்று ஒதுக்காதே. ஒரு துண்டைக் கழிவுத் தட்டில் போடுவதற்கு முன் ஏன் போடுகிறோம் என்று எழுத வேண்டும். காரணம் எழுத முடியாவிட்டால் மறுபடியும் நுண்ணோக்கியின் கீழே வைக்க வேண்டும்.

அந்தப் பையன் ‘பாக்க ஒண்ணும் இல்ல’ என்றபோது எனக்கு இந்த இரண்டாவது பாடம்தான் நினைவுக்கு வந்தது.

தேநீரும் கம்பியும்

ஏர்ஃப்ளோ சென்சர் என்ன செய்கிறது? எஞ்சினுக்குள் போகும் காற்றை நிறுக்கிறது.

பெட்ரோல் தனியாக எரியாது. ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று உள்ளே போகிறது. எவ்வளவு காற்று வருகிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு பெட்ரோலைத் தெளிப்பது என்று எஞ்சினின் கணினி முடிவு செய்ய முடியும். இந்தக் கணக்கு நொடிக்குப் பலமுறை நடக்கிறது.

காற்றை எப்படி நிறுப்பது? லிட்டில் இந்தியாவில் தே தாரிக் இழுப்பவரைப் பாருங்கள். குவளையை எவ்வளவு உயரத் தூக்கி இழுக்கிறாரோ அவ்வளவு காற்று தேநீரில் படும், அவ்வளவு சீக்கிரம் அது ஆறும். இதையே திருப்பி யோசியுங்கள். காற்று வீசும் இடத்தில் பாத்திரத்தை அடுப்பில் வைத்து, சூடு ஒரே அளவில் நிற்க வேண்டும் என்றால் தீயைக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு கூட்டினோம் என்பதிலிருந்து எவ்வளவு காற்று அடித்தது என்று சொல்லிவிடலாம்.

சென்சருக்குள் இருக்கும் பிளாட்டினக் கம்பிக்கும் இதே வேலைதான். மின்சாரம் அதைச் சூடாக்குகிறது. உள்ளே போகும் காற்றைவிட அது எப்போதும் குறிப்பிட்ட அளவு அதிகச் சூட்டில் இருக்க வேண்டும். காற்று வேகமாக வந்தால் கம்பி குளிரும், உடனே அதிக மின்சாரம் பாயும். அந்த மின்சாரத்தின் அளவுதான் காற்றின் அளவு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த எல்.வி. கிங் என்பவர் சூடான மெல்லிய கம்பியிலிருந்து காற்று எவ்வளவு வெப்பத்தை எடுத்துப்போகும் என்பதற்கான சூத்திரத்தை 1914இல் வெளியிட்டார். இன்று ஓடும் லட்சக்கணக்கான வண்டிகளில் அந்தக் கணக்குதான் வேலை செய்கிறது.

இந்த முறைக்கு இன்னொரு சிறப்பு உண்டு. கேமரன் மலைக்குப் போனால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். அதே லிட்டர் காற்றில் எடை குறைவு. மெலிந்த காற்று கம்பியைக் குறைவாகத்தான் குளிர்விக்கும் என்பதால் சென்சர் அதையும் சரியாகவே சொல்லிவிடும். 1985இல் பினாங்குப் பாலத்தின் மேல் பிரதமர் மகாதீர் ஓட்டிவந்த முதல் தலைமுறை புரோட்டோன் சாகாவில் கணினி இல்லாத கார்புரேட்டர்தான் இருந்தது. அந்தக் காலத்துக் காடிகளில் மலை ஏறினால் கரும்புகை வந்ததற்கு ஒரு காரணம், மேலே காற்று மெலிந்ததை அறிந்து பெட்ரோலைக் குறைக்க அவற்றில் ஆள் இல்லாததுதான்.

சூடான கம்பியைக் காடிக்குள் கொண்டுவந்து நிலைநிறுத்தியது ஜெர்மனியின் போஷ் நிறுவனம். 1970களில் அவர்கள் செய்த எல்-ஜெட்ரானிக் அமைப்பில் காற்று ஒரு சிறு கதவைத் தள்ளித் திறக்கும். 1980களின் தொடக்கத்தில் வந்த எல்எச்-ஜெட்ரானிக்கில் கதவை எடுத்துவிட்டு, 70 மைக்ரான் தடிமனில் ஒரு பிளாட்டினக் கம்பியைக் கட்டினார்கள். அது ஏறத்தாழ நம் தலைமுடியின் தடிமன். அழுக்கு படிந்தால் கணக்குத் தவறும் என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது. அதனால் எஞ்சினை அணைத்ததும் அந்தக் கம்பி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸ் வரை பழுத்து, தன்மேல் படிந்ததைத் தானே எரித்துக்கொள்ளும்படி செய்தார்கள். இன்றைய சாதாரணக் காடிகளின் சென்சர்களில் பெரும்பாலும் அந்த ஏற்பாடு இல்லை. கழுவினால் நாம்தான் கழுவ வேண்டும்.

அந்தப் போஷ் எங்கள் ஊருக்குப் புதியதல்ல. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கியபோது முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் அதுவும் ஒன்று. 2023 ஆகஸ்ட்டில் தீவுக்கு எதிர்க்கரையில், பத்து காவானில், சில்லுகளையும் சென்சர்களையும் சோதிக்கும் மையம் ஒன்றை 65 மில்லியன் யூரோ செலவில் திறந்தது. காடிகளுக்குப் போகும் நுண்ணிய கருவிகளை நுண்ணோக்கியில் பார்த்த கண்கள் பினாங்கில் ஏராளம். அவற்றில் எங்கள் பெண்களின் கண்களே அதிகம். ஆனாலும் பானட்டைத் திறந்தால் மட்டும் இது நமக்குப் புரியாத விஷயம் என்று ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்க வேண்டியதில்லை என்பதுதான் என் அனுபவம்.

ஆடை படிந்த பால்

கம்பியில் அழுக்கு படிந்தால் என்ன ஆகும்? ஆடை படிந்த பால் சீக்கிரம் ஆறாது. கம்பியின் மேல் தூசியும் எண்ணெயும் சேர்ந்து ஒரு மெல்லிய போர்வையானால் அதுவும் அப்படித்தான். காற்று எவ்வளவு வேகமாக வந்தாலும் கம்பி உரிய அளவு குளிராது. மின்சாரம் குறைவாகவே பாயும். கணினி, காற்று குறைவாக வந்திருக்கிறது என்று நம்பிப் பெட்ரோலைக் குறைத்துத் தெளிக்கும். மலையில் ஏறும்போது, காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில், இந்தக் குறை பெரிதாகத் தெரியும். என் காடி துன் சார்டோன் சாலையில் திணறியது இதனால்தான்.

புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சர் இந்தத் தவற்றைக் கண்டுபிடித்து, ‘பெட்ரோல் போதவில்லை, கூட்டு’ என்று கணினியிடம் சொல்லும். கணினி கூட்டும். கூட்டும் அளவு எல்லையைத் தாண்டினால், கலவையில் பெட்ரோல் குறைவு என்று பி0171 குறியீட்டைப் பதிந்து மஞ்சள் விளக்கை ஏற்றும். இந்தக் குறியீடு நோயின் பெயர் அல்ல, காய்ச்சல் என்ற அறிகுறி மட்டும். காற்றுக் குழாயில் வெடிப்பு இருந்தாலும் இதே குறியீடு வரும். பெட்ரோல் பம்ப் தளர்ந்தாலும், பெட்ரோலைத் தெளிக்கும் முனை அடைத்தாலும் இதேதான் வரும். இதை மட்டும் பார்த்துவிட்டு அறுநூறு வெள்ளிப் பொருளை மாற்றச் சொல்வது, காய்ச்சல் என்றதும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதைப் போன்றது.

அழுக்கு எங்கிருந்து வருகிறது? காற்று வடிகட்டி பெரும்பாலான தூசியைப் பிடித்துவிடும். ஆனால் வடிகட்டி பழசாகிப் போனாலோ, சரியாகப் பொருந்தாத மலிவான வடிகட்டியாக இருந்தாலோ, ஓரமாக நுழைந்துவிடும். 2015லும் 2019லும் சுமாத்ராக் காட்டுத்தீயின் புகைமூட்டம் பினாங்கின் மேல் கவிந்தபோது, எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் கொம்தார் கோபுரம் தெரியவில்லை. அப்படிப்பட்ட ஆண்டுகளில் வடிகட்டியை முன்கூட்டியே மாற்றுவது நல்லது. இரண்டாவது காரணம் எஞ்சினே. சூடான எஞ்சினை அணைத்ததும் உள்ளிருந்து எண்ணெய் ஆவி பின்னோக்கி எழும்பி வந்து கம்பியில் படியும். பழைய எஞ்சினில் இது அதிகம். மூன்றாவது காரணம், இளைஞர்கள் ஆசையாக மாற்றும் எண்ணெய் தடவிய பருத்தி வடிகட்டி. எண்ணெயைக் கொஞ்சம் அதிகமாகத் தடவிவிட்டால் அது நேராகக் கம்பியில் போய் ஒட்டும்.

முதலில் இருக்கிறதா என்று பாருங்கள்

எல்லாக் காடியிலும் இந்தச் சென்சர் இருக்காது. என் தம்பி மகனின் புரோட்டோன் சாகாவில் இல்லை. அதில் காற்றின் அழுத்தத்தை அளந்து கணக்கிடும் வேறு வகைச் சென்சர்தான் இருக்கிறது. அது உட்குழாயில் வேறு இடத்தில் இருக்கும், கழுவும் முறையும் வேறு. உங்கள் காடியின் கையேட்டைப் பாருங்கள். இந்தச் சென்சர் இருந்தால், பெரும்பாலும் காற்று வடிகட்டிப் பெட்டியின் மூடியிலோ, பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் தொடக்கத்திலோ இருக்கும். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தலை, இரண்டு திருகு, ஒரு கம்பிச் செருகி. வயோஸில் செருகிக்கு ஐந்து கம்பிகள்.

அடுத்து, சென்சரைத் தொடுவதற்கு முன் மற்றவற்றைப் பாருங்கள். நான் வடிகட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சாம்பல் நிறமாக இருந்தது, ஓர் ஓரம் மடங்கியிருந்தது. தூசி அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. ரப்பர்க் குழாயை மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பாலிடெக்னிக்கில் படிக்கிறான். காடியின் கணினியோடு கைப்பேசியைப் பேசவைக்கும் சிறிய கருவி ஒன்றை அவன் கொண்டுவந்து, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் கீழே இருக்கும் 16 முனைத் துளையில் செருகினான். கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது என்பதை அது காட்டும். எங்களுக்கு 27 விழுக்காடு என்று வந்தது. கூட்டலோ கழித்தலோ, 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலையில்லை.

“ஆன்ட்டி, இது ரொம்ப ஜாஸ்தி” என்றான்.

“எழுதி வச்சுக்கப்பா. கழுவின பிறகு திரும்பப் பாக்கணும்” என்றேன். முன்னே ஓர் எண், பின்னே ஓர் எண் இல்லாமல் சரியாகிவிட்டது என்று சொல்ல எங்கள் தொழிற்சாலையில் யாருக்கும் அனுமதி இல்லை.

கழுவிய விதம்

தெளிப்பான் வாங்கும்போது டப்பாவில் ஏர்ஃப்ளோ சென்சருக்கானது என்று எழுதியிருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பிரேக் கழுவும் தெளிப்பானோ கார்புரேட்டர் கழுவுவதோ வேண்டாம். அவை பிளாஸ்டிக்கை அரிக்கலாம், கம்பியின் மேல் படலம் விடலாம். பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும். சென்சருக்கானது கறை விடாமல் சில நிமிடத்தில் ஆவியாகிவிடும். கழுவியதும் துடைக்க வேண்டிய தேவையே இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அதை அப்படிச் செய்கிறார்கள்.

காலை ஏழு மணிக்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடங்கினேன். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். சாவி போட்ட நிலையில் செருகியைக் கழற்றினால் கணினி புதிதாக ஒரு பழுதைப் பதிந்துகொள்ளும். செருகியின் நாக்கை அழுத்தி இழுத்தேன். கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது, செருகியின் உடலைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். கூட்டல்குறித் தலைத் திருப்புளியால் இரண்டு திருகையும் கழற்றினேன். லோரோங் கூலிட் சந்தையில் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய திருப்புளி அது. பிறகு சென்சரை அசைக்காமல் நேராக மேலே தூக்கினேன். அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது விழுந்து உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சென்சரைக் கையில் எடுத்ததும் வெளியே துருத்திக்கொண்டு ஒரு சிறு மணி தெரியும். அதுதான் கம்பி என்று நினைத்து அதன்மேல் மட்டும் அடித்துவிட்டு மாட்டிவிடுகிறார்கள். பல டொயோட்டாக்களில் அது காற்றின் வெப்பத்தை அளப்பது மட்டுமே. உண்மையான கம்பி, பிளாஸ்டிக் உடலுக்குள் ஓடும் ஒரு சிறு சந்துக்குள் இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். அரிசிக் குருணையைவிடச் சிறிய இரண்டு உருவங்கள், முடி போன்ற தாங்கிகளில் தொங்கின. நல்ல கம்பி பளபளக்கும். இவற்றின் மேல் பழுப்பாக, பஞ்சு போல ஒரு படலம் இருந்தது. 650 வெள்ளிக்கான காரணத்தை அப்போதுதான் என் கண்ணால் பார்த்தேன்.

சென்சரைத் தலைப்பகுதியில் பிடித்து, திரவம் செருகியின் பக்கம் ஓடாமல் கீழ்நோக்கி வழியும்படி சாய்த்துக்கொண்டேன். டப்பாவின் சிறு குழாயைச் சந்துக்குள் நுழைக்கவில்லை. நுனி பட்டால் கம்பி அறுந்துவிடும். பத்து சென்டிமீட்டர் தள்ளி வைத்து, நொடிக்கும் குறைவான சிறு சிறு பீய்ச்சல்களாக அடித்தேன். சந்தின் ஒரு பக்கம் ஐந்தாறு முறை, மறுபக்கம் ஐந்தாறு முறை, வெளி மணிக்கு இரண்டு முறை. முதலில் பழுப்பாகச் சொட்டியது. பிறகு தெளிவாகச் சொட்டியது. அவ்வளவுதான். பஞ்சு சுற்றிய குச்சி, பல்துலக்கி, துணி, விரல் எதுவும் அதன் பக்கம் போகவில்லை. வாயால் ஊதவும் இல்லை. வாயின் ஈரமும் அழுக்குதான். முடி உலர்த்தும் கருவியும் பட்டறைகளின் அழுத்தக் காற்றும் கூடாது.

பழைய வெள்ளைத் துணியின் மேல் சென்சரைப் படுக்கவைத்து அரைமணி நேரம் விட்டுவிட்டேன். இந்தப் பொறுமை முக்கியம். தெளிப்பான் சுலபத்தில் தீப்பிடிப்பது, உள்ளே இருப்பதோ சூடேறும் கம்பி. முழுதும் காயாமல் மாட்டக் கூடாது. காத்திருந்த நேரத்தில் வடிகட்டிப் பெட்டியின் உள்ளே ஈரத்துணியால் துடைத்து, உலரவைத்து, புது வடிகட்டியைப் பொருத்தினேன். ஒரு காய்ந்த இலையும் இரண்டு பூச்சிகளும் கிடந்தன. பிறகு சென்சரைப் பழைய திசையிலேயே இறக்கி, திருகுகளைக் கையின் பலத்துக்கு மட்டும் இறுக்கினேன். பெட்டி பிளாஸ்டிக், அதிகம் இறுக்கினால் மரை போய்விடும். செருகி ‘கிளிக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினேன்.

மூச்சும் நரம்பும்

இந்த வேலையை மூடிய இடத்தில் செய்யாதீர்கள். காற்றோட்டமுள்ள வெளியில், நெருப்பு, சிகரெட் அருகில் இல்லாமல், கையுறை போட்டுச் செய்யுங்கள். சும்மா எச்சரிக்கைக்காகச் சொல்லவில்லை. இத்தகைய கரைப்பான்கள் சிலவற்றில் ஹெக்சேன் என்ற பொருள் இருக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1999லும் 2000லும் வாகனப் பட்டறைத் தொழிலாளர்கள் சிலருக்குக் கை கால்கள் மரத்துப்போய், தசைகள் பலமிழந்தன. ஹெக்சேன் கலந்த தெளிப்பான்களை நாள்தோறும் பயன்படுத்தியதால் நரம்புகள் கெட்டன என்று 2001இல் அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. ஆண்டுக்கு ஒருமுறை வெளியில் நின்று அடிக்கும் நமக்கு அந்த ஆபத்து சிறியது. நாள் முழுக்கச் செய்யும் பட்டறைப் பிள்ளைகளுக்கு அது பெரியது. கரைப்பான் வாசனையில் வருடக்கணக்கில் நின்று வேலை செய்த தோழிகள் எனக்கு உண்டு. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எண்கள் சொன்னது

எஞ்சினை முடுக்கினோம். பழைய குறியீட்டைப் பிள்ளை கருவியாலேயே அழித்தான். பழைய கணக்கை மறந்து புதிய கணக்கைக் கற்றுக்கொள்ளக் கணினிக்குச் சிறிது ஓட்டம் தேவை. இரண்டு நாள் கடைகண்ணிக்கு ஓட்டிய பிறகு மறுபடி பார்த்தோம். 27 என்று இருந்தது 4 ஆகியிருந்தது. மஞ்சள் விளக்கு திரும்ப வரவில்லை. அடுத்த ஞாயிறு அதே மலைச்சாலையில் ஏறினேன். மிதித்த உடனே இழுத்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். புது வடிகட்டியும் அன்றே போட்டேன், ஆகவே பலன் முழுதும் கழுவியதால் மட்டும் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பெட்ரோல் பெரிதாக மிச்சமாகும் என்றும் நம்பி இறங்காதீர்கள். ஆக்சிஜன் சென்சர் முன்பே திருத்திக்கொண்டுதான் இருந்தது. கிடைப்பது சீரான ஓட்டம். காலம் கடத்தாமல் செய்தால் இன்னொரு நன்மையும் உண்டு. கலவை தவறி எஞ்சின் தொடர்ந்து உதறினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கிப் பெட்டியைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதன் விலை சென்சரைவிடப் பெரிது.

கழுவினாலும் சரியாகாத நிலையும் உண்டு. பி0102, பி0103 என்று குறியீடு வந்தால் பெரும்பாலும் மின்தொடர்பில் கோளாறு. செருகியின் முனைகளில் துரு, கம்பி அறுந்தது, சென்சரே செத்தது, இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும். அப்போது மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது விலை மலிவான போலிகளை வாங்காதீர்கள். கணக்குத் தவறான சென்சர், அழுக்கான சென்சரைவிட மோசம். காடிக்கு இன்னும் உத்தரவாதக் காலம் இருந்தால் நீங்கள் கை வைக்காமல் விற்பனை நிலையத்துக்கே கொண்டுபோங்கள். குறை ஒன்றும் இல்லாத காடியில் சும்மா கழற்றிக் கழுவவும் வேண்டாம். வடிகட்டி மாற்றும்போது ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளத்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

அந்தப் போர்மன் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பட்டறையில் நேரம் பணம், கழற்றிப் பார்ப்பதைவிட மாற்றிவிடுவது வேகம். அவனுக்கு யாரும் நுண்ணோக்கி கொடுத்துப் பழக்கவில்லை. ஆனால் பணம் கொடுப்பவர்கள் நாம். ஆகவே கேட்க வேண்டியதும் நாம்தான். குறிப்பாக என் வயதுப் பெண்களுக்கு, தொழிற்சாலையில் முடியைவிட மெல்லிய கம்பியை இழுத்துவிட்டு பட்டறையில் வாய் திறக்காமல் நிற்கும் என் தோழிகளுக்கு, ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏதோ ஒன்றை மாற்ற வேண்டும் என்று சொன்னால், பணப்பையைத் திறப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கழட்டிப் பாத்தீங்களா தம்பி?”